குவித்த விரல்கள்

பீன்யா இரண்டாம் கட்டத்தில்
பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனி.
மாடியில் இத்தாலிக்காரர்கள் ஐந்து பேர்,
கணக்குக்கு நான்.

முதல் வாரம் துல்லியோ என் மேசைக்கு வந்து
ஐந்து விரல்களையும் நுனியில் குவித்து
முகத்துக்கு நேரே ஆட்டினார்.
சாப்பிட்டாச்சா என்கிறாராக்கும் என்று
ஆச்சு, எலுமிச்சை சாதம் என்றேன்.
என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் நீ
என்பதுதான் அந்தக் கைக்கு அர்த்தம்.
சுங்கத்தில் பதினோரு நாளாகக் கிடந்தது
அவருடைய பல்சக்கரம்.
மயிரிழை பிசகாமல் அளப்பார்,
பெயருக்கு ஏற்ற ஆள்.
ஒன்பது மணி என்றால் மட்டும்
பத்தேகாலுக்கு வருவார்.

என் பெயர் குழலி.
லொரெதானா வாசிப்பது குட்சாலி.
பாஸ்போர்ட்டில் ழகரத்துக்கு நின்ற இரண்டு எழுத்துகளும்
அவர்கள் ஊரில் வேறு வேலை பார்க்கின்றன.
கீழே பட்டறையில் குளலி மேடம்.
வீட்டுக்காரர் தரும் வாடகை ரசீதில் குசலி.
மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.
யாராவது சரியாகக் கூப்பிட்டால்தான்
ஒரு கணம்
வேறு யாரையோ என்று இருக்கிறது.

ஒரு மணிக்கு உலகம் நின்றுவிடும்.
ஃபியோரென்சோ தட்டில் மிஞ்சிய சாற்றை
ரொட்டித் துண்டால் வழித்து வழித்துத் தின்பார்.
இதற்கு எங்கள் மொழியில்
குட்டிச் செருப்பு என்று பெயர் என்பார்.
சோற்றுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால்
எங்கள் வீட்டில் முதுகில் விழும் என்றேன்.
மறுநாள் என் டப்பாவில் ஒட்டியிருந்த வத்தக்குழம்பையும்
செருப்பால் வழித்துவிட்டு
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைக்குக் குளித்து ஈரத்தோடு வந்த வெள்ளிக்கிழமைகளில்
லொரெதானா ஃபேனை அணைத்து ஜன்னலைச் சாத்துவாள்.
பிடரியில் காற்றுப் பட்டால் செத்துப்போவாயாம்.
ஏப்ரல் மாதம். வேர்வையில்
வவுச்சர்கள் முழங்கையில் ஒட்டும்.

வருடா வருடம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு
ஐந்து பாஸ்போர்ட்டோடு போவதும் நான்தான்.
குமாஸ்தா கன்னடத்தில் கேட்க
நான் பாதியில் தடுக்கி விழ,
காய்கறிக்காரியிடம் கற்றதை வைத்து லொரெதானா
நாளெ பர்த்தீவி சார் என்று முடித்துவைத்தாள்.
இவங்களுக்கு எத்தனை வருஷம்? இரண்டு.
உங்களுக்கு? ஒன்பது.
அவர் கையை நீட்டினார்:
அப்போ உங்க பாஸ்போர்ட்டையும் வைங்க மேடம்.
கியூவே சிரித்தது. நானும்.

காவிரிக்காக ஊர் அடைத்த திங்கட்கிழமை
ருத்ரப்பா பட்டறையிலிருந்து ஓடிவந்தார்.
உங்க வண்டி டிஎன் நம்பர் மேடம்.
மைசூர் ரோட்டில் பஸ் எரியுதாம்.
என்னைக் கேட்காமலே இறங்கிப்போய்
சோதனைச் சுருளிலிருந்து பிஸ்கட் உறையைக் கிழித்து
நம்பர் பலகையைச் சுற்றி ஒட்டினார்.
அவர் கை நடுங்கியதை
மாடியிலிருந்து பார்த்தேன்.

துல்லியோ என்னைக் காரில் ஏற்றி
லொரெதானாவின் சால்வையைத் தூக்கிப் போட்டார்.
யார் கேட்டாலும் பேசாதே,
இன்றைக்கு நீ இத்தாலி.
இந்த நிறத்திலா?
சிசிலி, என்றார் சிரிக்காமல்.

யாரும் நிறுத்தவில்லை.
ஒரு முக்கில் டயர் புகை.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்த பையனுக்குப்
பன்னிரண்டு வயதிருக்கும்.
எந்த மொழியில் மூச்சு விடுவதென்று தெரியாமல்
மடியில் கிடந்த சால்வையின் குஞ்சத்தை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரவு அம்மா போனில்:
எங்கடி இருக்க?
இத்தாலிக்காரங்க வீட்ல.
இத்தாலியா?
இல்லம்மா, மல்லேஸ்வரம்.

வியாழக்கிழமை வண்டியை எடுத்தேன்.
யஷ்வந்த்பூர் சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தி
பின்னால் போய்க் குனிந்து
சத்தமாக வாசித்தார்:
முப்பது கிராம் இலவசம்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கன்னடம் வரவில்லை, தமிழ் வரவில்லை.
என் வலது கை தானாகக் குவிந்து
அவர் முகத்துக்கு நேரே
இரண்டு தரம் ஆடியது.

ஊட்டா ஆயித்தம்மா, என்றார்.