ஏகமனதாக

பினாங்கு ஸ்ட்ரீட்டில் முடிதிருத்தும் கடைக்கு மேலே
ஒன்பது பேர், ஒரே விசிறி.
கீழே கத்தரிக்கோல் நிற்கும்போதெல்லாம்
நாங்களும் பேச்சை நிறுத்துவோம்.

அறுபத்தெட்டு, ஆகஸ்ட் கடைசி.
பிராக் தெருக்களில் டாங்கிகள் புகுந்த வாரம்.
கனகசுந்தரம் தீர்மானத்தை வாசித்தார்:
'வரவேற்கிறோம்.'
யாருக்கு அனுப்புவது என்று எவரும் கேட்கவில்லை.
பெயர்ப்பலகைகூட இல்லாத சங்கம்;
எங்கள் வரவேற்புக்குத் தபால்தலை ஏது?
ஆனாலும் கைகள் உயர்ந்தன,
விசிறியில் பட்டுவிடாமல் சற்றுத் தாழ்வாக.
என் இடது கை மேலே. வலது கையில் பேனா.

உத்திராபதியின் கை மட்டும்
தே ஓ கிளாஸைச் சுற்றியே இருந்தது.
துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவன்.
"கணக்கு இடிக்குதே" என்றான்.
"விருந்துக்குக் கூப்பிட்டவன் வீட்டுல
கதவை ஏன் உடைச்சாங்க?"

கீழே கத்தரிக்கோல் நின்றிருந்தது.

எட்டு என்று எழுதினால்
அந்த ஒன்று எங்கே என்பார்கள்.
'ஏகமனதாக' என்று எழுதினேன்.
ஆறே எழுத்து. புள்ளி வைக்கக்கூட ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு நோட்டு மாத்தாக்கள் கையில்.
வந்தவர் பட்டியலில் எங்களுக்கெல்லாம் புனைபெயர்.
நான் செம்பரிதி.
சம்பளச் சீட்டில் உள்ள பெயரே போதும் என்றவன்
அவன் ஒருவன்தான்.
அதிகாரி விரல் வைத்து வாசித்தாராம்:
"ஏகமனதாக. அப்படின்னா நீயும்."

நான் கை தூக்கலை என்றிருக்கலாம்.
தூக்கியது யார் யார் என்பது அடுத்த கேள்வி.
அந்தக் கேள்வி வர அவன் விடவில்லை.
பத்து காஜா. இரண்டு வருடம் நாலு மாதம்.

திரும்பி வந்தவனைப் பெரியில் பார்த்தேன்.
கம்பியைப் பிடித்து நின்று
பட்டர்வொர்த் வரும்வரை தண்ணீரையே பார்த்தான்.
இறங்கும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து:
"அந்தக் கணக்கைத் திருத்திடு."
நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறதோ.

பெர்லினில் சுவர் விழுந்த வருடம்
எங்களில் மிஞ்சியவர்கள் நாசி கண்டார் கடையில் கூடினோம்.
'எனக்கு அப்பவே தெரியும்' என்றார் ஒருவர்.
எல்லாரும் தலையாட்டினோம்.
அதுவும் ஏகமனதாக.
உத்திராபதியைக் கூப்பிட
யாருக்கும் தோன்றவில்லை.

ஆதரவு: எட்டு.
ஆதரிக்காதவர்: ஒருவர்.
அவர் கேட்ட கேள்விக்கு விடை பதிவாகவில்லை.
கேள்வியும் பதிவாகவில்லை.
குறிப்பு எழுதியவன்: ச. இன்னாசிமுத்து.