தலைமாட்டிலிருந்து அளக்கவும்

சித்ரா என்றால் ஊரில் சிரிக்கிறார்கள்,
பெண் பெயரில் ஒரு தீவா என்று.
பஹ்ரைனில் இருக்கிறது.
பாலம் இறங்கியதும் முதலில் வருவது வாடை,
அப்புறம் பெட்ரோல் பங்க்,
அப்புறம் என் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்.
அரபியில் பக்கத்துக்கு ஐந்நூறு ஃபில்ஸ்.

ஸஹ்ரா அப்துல்ஹுசைன்
பெண்கள் பள்ளியில் வேதியியல் எடுப்பவர்.
தெருவின் மூன்று வருட ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத்
தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.
நகராட்சி மன்றத்துக்கு ஒரு விதி எழுதவேண்டும்:
புகைபோக்கிக்கும் குடியிருப்புக்கும் நடுவே
முந்நூறு மீட்டர்.

அடித்துக்கொண்டே வந்த விரல்
அந்தச் சொல்லில் நின்றது.

ஆலைச் சுவரை ஒட்டி எங்கள் ஆட்களின் கேம்ப்.
வரைபடத்தில் அது கிடங்கு.
குடி கிடையாது,
இருப்பு மட்டும்:
இருநூற்றுப் பன்னிரண்டு.

'மேடம், கிடங்கில் ஆள் தூங்குகிறது.'

பேனாவை மூடினார்.
'ஒன்பது வருடமாக
அந்தச் சுவரோரம்தான் கார் நிறுத்துகிறேன்.'
வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.
கையெழுத்துத் தாள் உள்ளே போய்
வெறுமையாகத் திரும்பியது.
பெயர் எழுதினால் விசா போகும்.
குமில்லாக்காரன் ஷஃபீக்குல்தான் வழி சொன்னான்.
இரண்டாம் தடவை தாள் நிறைந்து வந்தது:
அறை ஆறு, கட்டில் நாலு, கீழ்.
அறை ஆறு, கட்டில் நாலு, மேல்.
அறை பதினொன்று, தரை.

கம்பெனி முந்நூற்றுப் பதினாறு மீட்டர் என்றது.
கேட்டிலிருந்து அளந்த கணக்கு.
சர்வேயருக்குப் பதினொரு வருடம்
கோல் பிடித்த வேதமாணிக்கம் கேட்டான்:
'கேட்டிலயா படுக்கிறோம்?'
ராத்திரி டேப் பிடித்தார்கள்.
ஆறாம் அறைத் தலைமாட்டிலிருந்து
இருநூற்று எண்பத்தெட்டு.

மன்றத்தில் அந்த வரியை வாசித்தபோது
'சட்டத்தில் கட்டிலா?' என்றார் ஓர் உறுப்பினர்.
நன்றாகச் சிரித்தார்கள்.
ஸஹ்ரா ஏசி ஃபில்டர் ஒன்றை மேஜையில் வைத்தார்.
ஓரத்தில் மார்க்கரில் இருளப்பன் எழுதிய தேதி:
கழுவி மாட்டி ஏழு நாள்.
கேட்டவர் மேஜையை டிஷ்யூவால் துடைத்தார்.
துடைத்த டிஷ்யூவை எங்கே போடுவதென்று தெரியாமல்
கூட்டம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தாராம்.

முடிவு அடுத்த கூட்டத்துக்கு.

இன்று திருத்திய நகல் வந்திருக்கிறது.
குடியிருப்பு அடிக்கப்பட்டு
மேலே பென்சிலில்: ஆள் உறங்கும் இடம்.
அதற்கும் மேலே வேறொரு கையெழுத்தில்
முந்நூறை அடித்து, இருநூற்றைம்பது.

சொல்லைக் கொடுத்துவிட்டு
முப்பத்தெட்டு மீட்டரில் கேம்ப்பை வெளியே தள்ளுகிறார்கள்.

'எப்படி அடிக்க?' என்றேன்.
'முந்நூறு.'
மறுபடியும் அடித்தேன்.
காசை எண்ணி வைத்தார், வேண்டாமென்று சொல்லவில்லை நான்.
ரசீது கேட்டார், தேதி தெளிவாக வேண்டுமாம்.

ஷட்டரை இறக்கியபின்
பாயை விரிக்கிறேன் பிரிண்டர் பக்கத்தில்.
ஆறு வருடமாக இங்கேதான்.
லைசென்ஸில் இது கடை.
டேப் வேதமாணிக்கத்திடம் இருக்கிறது,
இன்னும் கேட்கவில்லை.