செவ்வாய் இரவு 9.42

வெள்ளிக்கிழமை கடை மூடியதும்
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினோராவதில் பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது
அண்ணாந்து பார்த்தேன்,
வெறுங்கண்ணுக்குத் தெரியாதென்று தெரிந்தும்.

சப்தரிஷியின் வாலருகே, நம் பால்வெளி போல
இன்னொரு மண்டலம். அதன் சுருண்ட கையில்
புதிதாக ஒரு புள்ளி என்று
மத்தியானமே செய்தி வந்துவிட்டது.
டச் பார்க்க வந்த கொலுசை
இரண்டு முறை தப்பாக எடை போட்டேன்.

ஏற்காட்டில் கோடை விழா.
ஏரியைச் சுற்றிச் சீரியல் விளக்கு.
நாகலூர்ச் சாலையில் ரெஜினாவின் விடுதி மாடிதான்
கொஞ்சம் இருட்டு. லீவு, பிள்ளைகள் இல்லை.
வாட்டர் டேங்க் பல்பைக் கழற்றி
நைட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.
"சுடுது, சீக்கிரம் பாரு."

எட்டு அங்குலக் கண்ணாடி குளிர இருபது நிமிஷம்.
பிறகு பனிமூட்டம். பிறகு அது விலகி
நான்கு நிமிஷம்.

இருந்தது.

வலப்பக்கத்து நட்சத்திரத்தைவிட மட்டம்,
கீழே உள்ளதைவிட அரை மாற்று தூக்கல்.
தெரிந்த இரண்டுக்கு நடுவே
தெரியாததை நிறுத்துவதுதானே என் பிழைப்பு.
பத்தேகாலுக்கு ஓர் எண்.
பதினொன்றுக்கு, கரியை ஊதிவிட்டாற்போல்
கொஞ்சம் கூட. அல்லது என் ஆசை.
'ஆசை' என்றும் நோட்டில் எழுதிவைத்தேன்.

ரெஜினாதான் கேட்டாள்:
செவ்வாய்க்கிழமையும் வந்தியே?

வந்தேன். சும்மா, அதே மண்டலத்தை
முப்பது முப்பது வினாடியாகப் பதினெட்டுப் படம்.
அழிக்க மறந்தவை.
பெரிதாக்கினோம். அதே கை, அதே அண்டை வீட்டார்.
அந்த இடத்தில் மட்டும்
சுத்தமான இருட்டு.

இரண்டு கோடி வருடம் நடந்து வந்த வெளிச்சம்
நான் அன்று மூடியைப் போட்டபோது
புளூட்டோவுக்கும் அந்தப் பக்கம்
இன்னும் ஒரு நாள் நடையில் இருந்திருக்கிறது.

படங்களை அனுப்பினேன். விடிந்ததும் பதில்,
ஊர்ப்பெயர் வாயில் நுழையாத ஓர் ஆய்வகத்திலிருந்து:
புள்ளி உள்ள படம் நூறு பேரிடம் இருக்கிறது.
இல்லாத படம்தான் வேண்டும்.
நேரத்தைச் சரியாகச் சொல்லவும்.

என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டு
ஒண்ணுமில்லை என்று நான் சொல்லிச்
சிரிப்பு வாங்கிய இரவுகள் எத்தனை.
அதையே இப்போது தட்டச்சினேன்,
உரைகல்லில் கோடு இழுக்கிற கவனத்தோடு:

செவ்வாய் இரவு 9.42.
சேர்வராயன் மலை.
ஒன்றும் இல்லை.