கசிவு

வீட்டுக்காரருக்கு ஒரே நிபந்தனை:
சுவரில் ஆணி கூடாது.
கௌதம் நகர், மூன்றாம் மாடி, ஒற்றை அறை.
டியூப் லைட் போட்டால் முழுப் பகல்
அணைத்தால் முழு இரவு
நடுவில் எதுவும் இல்லை எங்களுக்கு.

எட்வின் வார்டிலிருந்து வரப் பதினொன்றரை ஆகும்.
முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு படுப்பான்.
நான் மார்ச் மாதக் கணக்குகளோடு உட்கார்ந்திருப்பேன்.
“லைட்” என்பான்.
அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்
பொங்கலிலிருந்து குடித்தனம் நடந்தது.

சனிக்கிழமை சாவ்ரி பஜார்.
நகரும் படிகளில் ஏறி ஏறி வெளியே வந்தால்
தெரு முழுக்கக் குழாய்.
எல்போ, டீ, நிப்பிள், பிளாஞ்ச்,
சேப்பங்கிழங்கு மாதிரி சாக்கில் கொட்டி
எடைக்குப் போட்டார்கள்.
“எத்தனை பாத்ரூம்?” என்றார் கடைக்காரர்.
ஒன்றுகூட இல்லை, ஒரு விளக்கு, என்றேன்.
தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
எதிர்க் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.
மூன்று கிலோ எழுநூறு.
மேலே இனாமாக ஒரு டெஃப்லான் டேப்:
“மரையில் சுற்றுங்கள், ஒரு சொட்டுக் கசியாது.”

பகீரத் பேலஸில் ஹோல்டர், ஒயர், மஞ்சள் பல்பு.

துளை போட எனக்கென்று இருந்த ஒரே மரம்
சப்பாத்திப் பலகை.
அதில் பிளாஞ்சைத் திருகி நிறுத்தினேன்.
முதல் எல்போவிலேயே ஒயர் திரும்ப மறுத்தது.
நூல் நுனியில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே விட்டுக்
குழாயைச் சாய்த்துச் சாய்த்து
அது உருளும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டேன்.
கடைசியில் மறுமுனையில் விழுந்தது, கிரீஸில் குளித்து.
ஒவ்வொரு மரைக்கும் பன்னிரண்டு சுற்று டேப்,
எட்வின் கட்டுப் போடும் அதே நேர்த்தியில்.

அன்றிரவே எரிந்தது.
தாளில் மட்டும் வெளிச்சம்
அவன் முகம் தொடாமல்.
இன்னும் கொஞ்சம் குனியட்டும் என்று
எல்போவைப் பிடித்துத் திருப்பினேன்.

சுரீரென்று தோள் வரைக்கும்.

நாற்காலி விழுந்த சத்தத்தில் எழுந்தவன்
“தொடாதே” என்று கத்திக்கொண்டே
மெயினை இறக்கினான்.
இருட்டில் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து
வாட்சின் பச்சை முள்ளைப் பார்த்தபடி
எண்ண ஆரம்பித்தான்.
ஒரு நிமிடம் முடிந்தது.
விடவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து.

காலையில் கீழ்வீட்டு ஓம்வீர், லிஃப்ட் மெக்கானிக்,
டெஸ்டரோடு வந்தார்.
குழாயில் வைத்ததும் அதன் வயிற்றில்
மாதுளை முத்தளவு சிவப்பு.
எல்போவின் உள்பிசிறு ஒயரைக் கிழித்திருந்தது.
“மூணாவது ஒயர் எங்கே?” என்றார்.
மூன்றாவது ஒன்று வேண்டுமென்றே
எனக்குத் தெரியாது.
அரத்தால் பிசிறைத் தேய்த்தார்,
புது ஒயர் இழுத்தார், ஒன்று பச்சை.
பிறகு என் டேப்பையெல்லாம் உரித்துப் போட்டார்.
“இது தண்ணிக்கு.
கரண்டுக்கு இரும்பு இரும்பைத் தொடணும்.
கசியறது கசியத்தான் செய்யும்,
அதுக்கு மண்ணுக்குப் போக ஒரு வழி விடணும்.”
டீ குடித்துவிட்டு, காசு வாங்காமல் போனார்.

நேற்று எட்வின் வந்ததும் படுக்கவில்லை.
சட்டையைக்கூட மாற்றாமல்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
பதினாலாம் படுக்கைக்காரரைப் பற்றிச் சொன்னான்.
மத்தியானம் அவர் தயிர்சாதம் கேட்டாராம்.
சாயங்காலம் விரிப்பை மாற்றிவிட்டார்களாம்.
சொல்லும்போது அவன் கை
வெளிச்ச வட்டத்துக்குள் வந்து
வெதுவெதுப்பான எல்போவின் மேல் இருந்தது.
கணக்கில் இருபத்துமூன்று ரூபாய் இடித்தது.
தேடவில்லை.

மிச்ச டேப்பைச் சமையலறைக் குழாயில் சுற்றினேன்.
அது இன்னும் சொட்டுகிறது.