ஐம்பத்திரண்டு எழுத்து

சாவி என் கடையில் இருக்கிறது,
காலி டோனர் டப்பாவுக்குள்.
பாதிரியார் சேலத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு ஏறி வருவார்.
என் ஜெராக்ஸ் கடை எல்லா நாளும் திறந்திருக்கும்.
கல்லறைத் தோட்டத்துக்கும் எனக்கும்
அவ்வளவுதான் உறவு.

மோராக் வந்தது தை மாதக் கடைசியில்.
ஏற்காட்டுக் களங்களில் எல்லாம்
காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது.
கையில் ஒரு போட்டோ:
ஸ்காட்லாந்தில் அவள் ஊர்க் கோயில் முற்றம்,
பாசி பிடித்த நெடுங்கல்,
ஒரே குடும்பத்தின் ஒன்பது பெயர்.
எட்டுப் பேர் கல்லுக்கடியில் இருக்கிறார்கள்.
ஒன்பதாவது ஆள் பெயராக மட்டும்.
‘இந்தியாவில், காய்ச்சலில்’ என்று கொத்திவிட்டு
சேர்வராயன் என்ற சொல்லை
அந்த ஊர்க் கல்தச்சன்
வாயில் நுழையாமல் கடித்துத் துப்பியிருந்தான்.
மூன்று கோடை அங்கே மண்டியிட்டு
எட்டையும் துடைத்துப் படித்துவிட்டாளாம்.
பாக்கி இவன்.

சில்வர் ஓக் சருகு கணுக்கால் மூட,
மிளகுக்கொடி ஏறிய சிலுவை,
ஆடு உரசி உரசி வழுவழுத்த தேவதை.
அவள் கொண்டுவந்த தாளும் மெழுகுக் கட்டியும்
பனியில் நமுத்துப் போயின.
அசல் மங்கியிருந்தால் நகல் எப்படி வரும்,
கடையில் தினம் நான் சொல்வதுதான்.
வீட்டுக்குப் போய்
ரேஷன் அரிசி மாவு கொண்டுவந்து தேய்த்தேன்.
குழிகளில் வெள்ளை நின்றது.
டங்கன்.
வயது இருபத்தாறு.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள். விரல் வைத்துக் காட்டினாள்.
டங்கனில் இரண்டு ‘என்’.
ஒன்று நேராக,
ஒன்று கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி.
வெட்டியவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.
காகிதத்தில் கொடுத்ததைப் பார்த்துக் கொத்தியிருக்கிறான்,
பூரானைப் பார்த்துப் பூரான் வரைவது மாதிரி,
கால்களை எண்ணாமல்.

அதற்குள் எறும்பு வந்துவிட்டது.
முதலெழுத்திலிருந்து வரிசையாகப்
பெயரைத் தூக்கிக்கொண்டு போயின.
அவசர அவசரமாக அவள் போட்டோ எடுத்தாள்.

கையில் மாவு மீதம் இருந்தது.
கொட்டுவானேன் என்று
கல்லின் முதுகிலும் தடவினேன்.
மண்ணை ஒட்டி, கட்டைவிரல் அகலத்தில்

௩ வ

பழைய பத்திரம் நகலெடுக்கிற கைக்கு இது தெரியும்.
இந்த வ எழுத்தில்லை, கால்.
மூன்றேகால்.

எங்கள் ஆட்கள் கல் உடைக்கத்தான் இந்த மலைக்கு வந்தார்கள்,
சங்ககிரிப் பக்கமிருந்து,
கொண்டை ஊசி வளைவுகளுக்கெல்லாம் முன்னால்.
வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ்.
அப்பாவின் தாத்தா பங்காருபோயன் வரை பெயர் தெரியும்.
அதற்கு மேலே கேட்டால்
‘கல் உடைக்கிறவனுக்கு எதுக்குடி வம்சாவளி’
என்று அப்பா பீடியைப் பற்றவைப்பார்.
இது எங்களவர் கையா, வேறு யார் கையோ,
சொல்ல ஒரு ரிஜிஸ்தர் கிடையாது.
இருந்திருந்தால்
ஒரு தடவையாவது என் கடைக்கு வந்திருக்கும்.

மோராக் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள்.
நான் முன்பக்கம் வந்து எண்ணினேன்.
பெயர், ஊர், தேதி, வயது,
எறும்பு தூக்கிப் போன இடங்களை விரலால் தடவி.
ஐம்பத்திரண்டு.
நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்திரண்டுதான்.
எழுத்துக்கு ஓரணா.
பதினாறணா ஒரு ரூபாய்.
கணக்கு நேராக வந்தது.

திரும்பி நின்ற ‘என்’னுக்கும் ஓரணா.
கூலியில் பிடித்தம் இல்லை.
காசு கொடுத்தவன் பெரிய மனசுக்காரனோ,
கல்லைப் பார்க்கக்கூட வராதவனோ.

பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்றாள் மோராக்.
கூலி, என்றேன்.
யாருடைய கூலி?
தெரியாது, என்றேன்.
எழுந்து வந்து, குனிந்து,
அதையும் போட்டோ எடுத்தாள்.
எறும்புகள் இன்னும்
அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.