எஸ்தர் குயிலின் வசூல் இரவு

ஹெஸ்டர் குவில் என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.
அச்சகத்துக்காரர் எஸ்தர் குயில் என்று அடித்துவிட்டார்.
இருநூற்றைம்பது தாள். திருத்தக் காசில்லை.
அதனால் இங்கிலாந்துக்காரி ஒருத்தி
ஹட்டன் மல்லியப்பு சந்தியில்
கரண்டுக் கம்பத்தில், சலூன் கதவில்
குயிலாகவே ஒட்டப்பட்டாள்.

எழுதியவள் தபால் கந்தோர் பவளராணி.
முத்திரை குத்தும் மேசையிலேயே
அவளுக்கொரு ஆயுளைச் செய்து முடித்தாள்:
அப்பன் யாரென்று தெரியாது.
பன்னிரண்டு வயதில் லண்டன் கொட்டகை வாசலில்
தோடம்பழம் விற்றாள். பதினேழில் மேடை.
ஆண்வேடத்தில் கால் தெரிய நின்றதற்கு
ஒரு பிரபு வண்டி அனுப்பினான்,
பிறகு வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டான்.
நாலு பிள்ளை. இரண்டு மண்ணுக்கு.
பிள்ளை செத்த மூன்றாம் நாள் சிரிப்பு வேஷம்;
போகாவிட்டால் சம்பளத்தில் வெட்டு.

"இது எந்தக் காலத்துக் கதை?" என்று கேட்டேன்.
பவளராணி பதில் சொல்லவில்லை,
முத்திரை குத்தினாள்.

எனக்கேன் அந்த வேடம் என்றால்
நான் ஹட்டன் ஸ்டேஷனில் தோடம்பழம் விற்கிறவள்.
உடரட்ட மெனிக்கே நிற்பது சில நிமிஷம்.
அதற்குள் எட்டுப் பெட்டிக்கும் கேட்கவேண்டும்
என் தொண்டை.

யூரியா மூட்டை கிழித்துப் பாவாடை,
உள்ளே மூங்கில் வளையம் மூன்று.
பொய்முடிக்கு இலவம் பஞ்சு.
அவள் முகத்தில் பூசியது ஈயவெள்ளையாம்,
தோலைத் தின்கிற விஷம்.
எனக்குக் கோதுமை மா.
அதுவும் அரைக் கோப்பைதான், விலை அப்படி.

ஏழரைக்குத் திரை. ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யாரோ மாதா கோயிலுக்கு ஓடி
இருபத்திரண்டு மெழுகுதிரி கொண்டுவந்தார்கள்.
மேடை விளிம்பில் நட்டோம்.
அப்போதுதான் தெரிந்தது
தினமும் அவளுக்கு எதிரே இருந்தது என்னவென்று:
கண்ணுக்குள் புகை, முழங்காலில் சூடு,
அதற்கப்பால்
முகமே இல்லாத ஓர் இருமல்.

கடைசிக் காட்சி. ஐம்பத்து மூன்று வயது.
அவள் வசனத்தை மறக்கவேண்டும், எழுதியிருந்தது அப்படித்தான்.
மறப்பதுபோல் நடிக்கப் போய்
மெய்யாகவே மறந்துவிட்டேன்.
மறந்தபின் சொல்லவேண்டிய வசனத்தையும்.

தட்டிக்குப் பின்னால் பவளராணியின் உதடு மட்டும் அசைகிறது.
ஒரு திரி சரிந்து அணைந்தது.
எவனோ விசிலடித்தான்.
என் வாய்க்கு வேறென்ன தெரியும்?

"தோடம்பழம்... தோடம்பழேய்..."

சிரித்தார்கள். நான் விடவில்லை.
எட்டாம் பெட்டிக்கும் கேட்கிற மாதிரி கூவினேன்.
ரயில் போன பிறகும்
விற்காத கூடையோடு நின்று கூவுகிற மாதிரி.
சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று தெரியாது.
நின்றது.

அவள் ஊரில் வருஷத்துக்கு ஓர் இரவு
வசூல் முழுதும் நடிகைக்கே என்றொரு வழக்கம்.
நாடகத்திலும் அது இருந்தது.
சங்கத் தலைவர் முன்வரிசையில்தான் இருந்தார், கைதட்டினார்.
பிறகு பெட்டியைத் திறந்து எண்ணினார்:
பதினோராயிரத்து நாநூற்று இருபது.
ஹால் வாடகை. மைக்செட்.
தலைவர் வந்துபோகும் ஆட்டோ.
"உனக்குச் சாப்பாட்டுப் பார்சல் வச்சிருக்கு, பிள்ள."

கரண்டே இல்லாத ராத்திரிக்கு
மைக் எதுக்குங்க காசு, என்றேன்.
கணக்குக் கொப்பியைத் தேடித் தலைவர் திரும்பிய நேரம்
பெட்டியை மூடி
அதன்மேல் உட்கார்ந்தேன்.
மூங்கில் வளையம் முறிந்தது. பாவாடை
நாலு பக்கமும் விழுந்து மூடிக்கொண்டது.
மெழுகுதிரி பிடித்துத் தேடினார்கள்.

குயில் அடைகாக்காது என்பார்கள்.
பொகவந்தலாவை கடைசி பஸ்
ஹாரன் அடித்துப் போகும்வரை
நான் எழும்பவில்லை.