நாலாம் பக்கத்துக் கெட்டில்

மொந்தெவிதேயோ, துறைமுகத்துப் பக்கம்,
நூலக மாடியில் செவ்வாய்க்கிழமை வகுப்பு.
சுங்கக் குமாஸ்தா எரிபெர்த்தோ கை தூக்கினார்:
"மூன்று வாரமாய் என் விதவை
வாசற்படியிலேயே நிற்கிறாள்.
எப்படி வெளியே அனுப்புவது?"

கதவு, கைப்பிடி, பெருமூச்சு
எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், என்றேன்.
ஒரு வரி வெற்றிடம்.
அடுத்த வரியில் அவள்
மீன்கடையில் விலை கேட்கட்டும்.

எழுதிக்கொண்டார். பேனாவை மூடவில்லை.
"நாலாம் பக்கத்தில்
மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்தாளே,
அடுப்பை யார் அணைப்பது?"

யாரும் சிரிக்கவில்லை.
பதினோரு வருடமாய்ப் பாடம் எடுக்கிறேன்,
அதற்கு என்னிடம் விதி கிடையாது.

கடைசி பஸ். கண்ணாடியில் உப்பு.
வழியில்தான் நினைவு வந்தது:
என் இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவன்
போன குளிர்காலத்திலிருந்து
முகமெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கிறான்.

சவரக்கத்தியை எங்கே வைத்தேன்?